‘மேட் இன் ஜப்பான்’ ஊதா நிறத் தட்டு: நிறத்துக்கும் ஒலிக்கும் தொடர்பு உண்டா?

வாசகர் கேள்வி, 6 செப்டம்பர் 2025

டீப் பர்ப்பிள் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் கச்சேரிப் பதிவான ‘மேட் இன் ஜப்பான்’ ஊதா நிற இரட்டை இசைத்தட்டாக ஒரு கடையில் இருக்கிறது. கறுப்புத் தட்டைவிட விலை கூடுதல். நிறம் சேர்த்த தட்டுகளில் இரைச்சல் அதிகம் என்றும், கறுப்புத் தட்டில் இருக்கும் கரிதான் அதற்கு உறுதி தருகிறது என்றும், நிறத்தட்டு அலமாரியில் வைத்து அழகு பார்ப்பதற்குத்தான் ஏற்றது என்றும் விவரம் தெரிந்த ஒருவர் சொல்கிறார். இது உண்மையா?

6 செப்டம்பர் 2025, இரவு

அவர் சொன்னதில் கால்வாசி உண்மை, மீதி பழக்கத்தில் வந்த நம்பிக்கை. இசைத்தட்டுக்கான வினைல் இயல்பில் கறுப்பானதன்று. நிறமற்றதாக, ஒளி ஊடுருவும்படி இருக்கும். அதில் கார்பன் பிளாக் எனப்படும் கரித்தூளை நூற்றுக்கு ஒரு பங்கை ஒட்டியோ அதற்கும் குறைவாகவோ சேர்ப்பதால்தான் தட்டு கறுப்பாகிறது. வினைலுக்கு முந்தைய அரக்குத் தட்டுகளும் கறுப்பாகவே இருந்தன. வாங்குவோரின் கண் அதற்குப் பழகியிருந்தது. கலவையில் இருக்கும் சிறு மாசுகளையும் மறுசுழற்சித் துணுக்குகளையும் கறுப்பு மறைத்துவிடும் என்பது ஆலைக்காரர்களுக்குக் கிடைத்த கூடுதல் வசதி.

கரி உறுதி தருகிறது என்ற கருத்து டயர் தொழிலிலிருந்து வந்திருக்க வேண்டும். டயர் ரப்பரில் கரியின் பங்கு மிக அதிகம், அங்கே அது உண்மையிலேயே வலுவூட்டுகிறது. தட்டில் சேர்க்கும் சிட்டிகைக் கரிக்கு அந்த வேலை கிடையாது. கரி மின்னேற்றத்தைக் கடத்திவிடும், அதனால் தூசி ஒட்டாது என்பதும் இதே வகைதான். கரியால் மின்சாரம் கடத்தும் வினைல் தட்டு வேண்டுமென்று அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனம் ஒருமுறை உண்மையிலேயே முயன்றது. 1981இல் அது விற்பனைக்குக் கொண்டுவந்த சிஇடி வீடியோ தட்டுகளில் அதற்காகப் பெருமளவு கரியைக் கலக்க வேண்டியிருந்தது. சாதாரணக் கறுப்புத் தட்டு அந்த அளவின் அருகில்கூட வராது. கறுப்புத் தட்டைப் பனிக்காலத்தில் உறையிலிருந்து உருவியவர்களுக்கு அது எவ்வளவு தூசியை இழுக்கும் என்று தெரியும்.

7 செப்டம்பர் 2025

நேற்று எழுதியதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிறத்தட்டு அண்மைக்காலத்து விற்பனை உத்தி என்று ஒருவர் கீழே எழுதியிருக்கிறார். ஆர்சிஏ 1949இல் நிமிடத்துக்கு 45 முறை சுழலும் தட்டுகளை அறிமுகம் செய்தபோதே இசை வகைக்கு ஒரு நிறம் என்று பிரித்து அச்சிட்டது: ‘கன்ட்ரி’ எனப்படும் அமெரிக்க நாட்டுப்புற இசைக்குப் பச்சை, குழந்தைகளுக்கு மஞ்சள், செவ்வியல் இசைக்குச் சிவப்பு. ஜப்பானில் டோஷிபா நிறுவனம் ‘எவர்கிளீன்’ என்ற பெயரில் மின்னேற்றத்தைக் குறைக்கும் கலவையில் செய்த தட்டுகளைச் சிவப்பு நிறத்தில் 1970களின் முற்பகுதி வரை பல ஆண்டுகள் விற்றது. பீட்டில்ஸ் குழுவின் ஜப்பானியச் சிவப்புத் தட்டுகளைத் தேடி அலைகிறவர்கள் இன்றும் உண்டு. அங்கே நிறத்தட்டு என்றால் தூசி ஒட்டாத, இரைச்சல் குறைந்த தட்டு என்றே பொருள். கேள்வியில் வந்த விவரம் தெரிந்தவர் சொன்னதற்கு நேர் எதிர்.

9 செப்டம்பர் 2025

நிறத்தைப் பற்றிய கேள்வியை ஒதுக்கிவிட்டு, அந்த ஊதாத் தட்டில் எந்த மிக்ஸ் (தனித்தனியாகப் பதிவான ஒலிகளைச் சமன்செய்து ஒன்றாகக் கலந்த வடிவம்) இருக்கிறது என்று உறையைத் திருப்பிப் பாருங்கள் என்று ஏன் சொல்கிறேன் என விளக்க வேண்டும். அதற்குப் பதிவின் கதை தேவை.

1972 ஆகஸ்ட் 15, 16 தேதிகளில் ஒசாகா ஃபெஸ்டிவல் ஹாலிலும், 17ஆம் தேதி டோக்கியோவின் நிப்பான் புடோக்கானிலும் குழு வாசித்தது. கச்சேரியைப் பதிவு செய்ய விரும்பியது ஜப்பானிய நிறுவனமே தவிரக் குழுவினர் அல்லர். ஒலிப்பதிவை எங்கள் ஆளான மார்ட்டின் பிர்ச் செய்ய வேண்டும், நாடாக்கள் எங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளோடுதான் அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். எட்டு ஒலிகளைத் தனித்தனியே பதியும் எட்டுத் தடக் கருவியில் பதிவானது. மிக்ஸ் செய்யும்போது பாஸ் கிதார் வாசித்த ரோஜர் குளோவரும் முரசு வாசித்த இயன் பெய்ஸும் அக்கறையோடு உடனிருந்தார்கள். பாடகர் இயன் கில்லனும் கிதார் வாசித்த ரிச்சி பிளாக்மோரும் அந்தப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. 1972 டிசம்பரில் பிரிட்டனிலும் 1973இல் அமெரிக்காவிலும் வெளிவந்தது. ஜப்பானில் அதற்கு ‘லைவ் இன் ஜப்பான்’ என்று பெயர்.

ஏழு பாடல்களில் நான்கு 16ஆம் தேதியைச் சேர்ந்தவை. ‘தி மியூல்’, ‘லேசி’ இரண்டும் டோக்கியோவில் எடுத்தவை. ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ மட்டும் 15ஆம் தேதி இரவுக்குரியது, ஏனென்றால் தொடக்கத்தில் வரும் அந்தப் புகழ்பெற்ற கிதார் வரிசையைப் பிளாக்மோர் ஒழுங்காக வாசித்தது அன்றுதான் என்று சொல்வார்கள்.

மிக்ஸ்தான் சிக்கல். பிர்ச் காலத்து மூல மிக்ஸ் ஒன்று. 1993இல் மூன்று இரவுகளின் பெரும்பகுதியையும் மூன்று குறுந்தட்டுகளில் தந்தபோது நாடாக்களைப் புதிதாக மிக்ஸ் செய்தார்கள். 2014இல் மார்ட்டின் புல்லன் ஒருமுறை செய்தார். இந்த ஆண்டு ஸ்டீவன் வில்சன் செய்திருக்கிறார். ஒரே எட்டுத் தடங்கள்தாம், ஆனால் பார்வையாளர் கைதட்டல் எவ்வளவு அருகில் கேட்க வேண்டும், பாஸ் கிதார் எங்கே நிற்க வேண்டும், முரசின் பின்னால் அரங்கத்தின் எதிரொலி எவ்வளவு வேண்டும் என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். மூல மிக்ஸில் ஜான் லார்டின் ஆர்கன் இடது பக்கமும் பிளாக்மோரின் கிதார் வலது பக்கமும் விலகி நிற்க, நடுவில் குளோவரும் பெய்ஸும் கில்லனும் நிற்பார்கள். எனக்கு அந்த அமைப்பே பிடிக்கும், இருவர் ஒருவரையொருவர் சீண்டிக்கொண்டே வாசிப்பதை அந்த இடைவெளியில்தான் பின்தொடர முடிகிறது. ஆனால் முதலில் குறுந்தட்டிலோ புதிய மிக்ஸிலோ கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது மெலிந்து ஒலிக்கலாம்.

இந்த வேறுபாடுகளின் அருகில் ஊதா நிறமியின் பங்கு பேச்சுக்குக்கூட வராது.

9 செப்டம்பர் 2025, சற்று நேரம் கழித்து

“அப்படியானால் எந்தப் பதிப்பு மிகச் சத்தமாக இருக்கிறதோ அதுவே சிறந்ததா?” என்று ஒருவர் கிண்டலாகக் கேட்கிறார். எல்லாவற்றையும் மற்ற எல்லாவற்றையும்விடச் சத்தமாக வைக்க முடியுமா என்று இந்தத் தட்டிலேயே கில்லன் மேடையிலிருந்து கேட்கிறார். மிக்ஸை வெளியீட்டுக்காக இறுதியாகச் சீராக்கும் பிற்கால மாஸ்டரிங் பொறியாளர்கள் சிலர் அதைக் கோரிக்கையாகவே எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

14 செப்டம்பர் 2025

கறுப்பா ஊதாவா என்பதைவிட ஒரு பக்கத்தில் எவ்வளவு நேரம், அதில் எந்தப் பகுதி எங்கே விழுகிறது என்பதே காதில் அதிகம் படும். தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்றுகள் என்ற மாறாத வேகத்தில் சுழல்கிறது. ஆனால் விளிம்புத் தடத்தில் ஊசியின் கீழே நொடிக்கு ஏறக்குறைய 51 சென்டிமீட்டர் வினைல் ஓடுகிறது. லேபிளை ஒட்டிய கடைசித் தடங்களில் அது 21 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. அதே ஒலியலையை அங்கே பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கி எழுத வேண்டியிருப்பதால் உயர் அதிர்வெண்கள் சிதைகின்றன.

இப்போது முதல் பக்கத்தைப் பாருங்கள். ‘ஹைவே ஸ்டார்’ ஏழு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு, அதன் பின் 12 நிமிடத்துக்கும் மேலாக ‘சைல்ட் இன் டைம்’. கில்லன் தொண்டையைக் கிழித்துக்கொண்டு ஏறும் இறுதிப் பகுதி முழுவதும் ஊசிக்கு மிகக் கடினமான இடத்தில் விழுகிறது. ஒரு பொறியாளர் விரும்பினால்கூட இதைவிட மோசமான இடத்தைத் தேர்ந்திருக்க முடியாது, ஆனால் பாடல்களின் வரிசை அப்படி. ஊதாத் தட்டில் அந்த அலறல் கரகரக்கிறது, ஆகவே நிறம்தான் காரணம் என்று எழுதியவர், தன் கறுப்புத் தட்டின் அதே இடத்தையும் கேட்டிருக்க வேண்டும். ஊசி சாதாரணக் கூம்பு வடிவத்தில் இருந்தாலோ, ஊசியைத் தாங்கும் பிக்கப் தலை கோணல்மாணலாகப் பொருத்தப்பட்டிருந்தாலோ எந்த நிறத்திலும் கரகரக்கும். என்னுடைய கருவியில் நீள்வட்ட ஊசியை மாற்றி மெல்லிய கோட்டுத் தொடர்பு கொண்ட ஊசியைப் பொருத்திய பிறகுதான் அந்த இடத்தில் கில்லனும் ஆர்கனும் தனித்தனியாகக் கேட்டார்கள்.

நான்காம் பக்கம் முழுவதும் ‘ஸ்பேஸ் டிரக்கின்’ மட்டுமே, 20 நிமிடத்துக்கு ஒரு மூச்சுக் குறைவு. ஒரு பக்கத்துக்கு அது தாராளமாகக் கொள்ளும் அளவுதான். இதை 45 சுற்றில் வெளியிட வேண்டும் என்று கேட்கும் நண்பருக்கு: அப்படிச் செய்தால் லார்டின் தனிவாசிப்பின் நடுவில் எழுந்துபோய்த் தட்டைத் திருப்ப வேண்டியிருக்கும். எனக்கு வேண்டாம்.

15 செப்டம்பர் 2025

கச்சேரிப் பதிவுதானே, கூட்டத்தின் ஆரவாரத்தில் தட்டின் இரைச்சல் மறைந்துவிடும் என்று ஒருவர் வாதிடுகிறார். இந்தத் தட்டுக்கு அந்த வாதம் பொருந்தாது. அன்றைய ஜப்பானிய ரசிகர்கள் பாடலின் நடுவே கத்தாமல் கவனித்துக் கேட்டார்கள், முடிந்த பிறகே கைதட்டினார்கள். ‘சைல்ட் இன் டைம்’ தொடங்கும்போது தனித்து ஒலிக்கும் ஆர்கனுக்குப் பின்னால் அரங்கத்தின் மூச்சைத் தவிர எதுவும் இல்லை. ‘ஸ்ட்ரேஞ்ச் கைண்ட் ஆஃப் வுமன்’ பாடலில் கிதாரும் குரலும் மாறி மாறிக் கேள்வியும் பதிலுமாகப் போகும் இடத்தில், ஒருவர் நிறுத்தி மற்றவர் தொடங்குவதற்கு இடைப்பட்ட அமைதியில் ஒவ்வொரு ‘டிக்’ ஒலியும் தெறித்து விழும். தட்டு நன்றாக அச்சாகியிருக்கிறதா என்று பார்க்க நான் வைப்பது இந்த இரண்டு இடங்களைத்தான். ‘ஹைவே ஸ்டார்’ பாடலை வைத்து எதையும் தீர்மானிக்காதீர்கள். அதன் நடுவில் அடுக்களையில் பாத்திரம் விழுந்தாலும் தெரியாது.

கவனித்துக் கேட்டால் இன்னொன்றும் புலப்படும். இரண்டாம் பக்கத்தில் ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ முடிந்து ‘தி மியூல்’ வரும்போதும், மூன்றாம் பக்கத்தில் ‘லேசி’ தொடங்கும்போதும் நாம் ஒசாகாவிலிருந்து டோக்கியோவுக்குப் போய்விடுகிறோம். 1964 ஒலிம்பிக்கின் ஜூடோ போட்டிகளுக்காகக் கட்டிய புடோக்கானின் உள்வெளி முற்றிலும் வேறு. ஒட்டு தெரியாதபடி இணைத்திருக்கிறார்கள், ஆனாலும் பெய்ஸின் முரசைச் சுற்றியுள்ள காற்று மாறுவது எனக்குக் கேட்கிறது. தெரிந்துகொண்ட பிறகு கேட்பதால் வரும் பிரமை என்று சொன்னாலும் மறுக்க மாட்டேன்.

27 செப்டம்பர் 2025

வாதத்தை வளர்ப்பதைவிடக் கேட்டுப் பார்ப்பது மேல் என்று, ஊதாத் தட்டு வைத்திருக்கும் நானும் அதே மறுவெளியீட்டின் கறுப்புத் தட்டு வைத்திருக்கும் நண்பரும் இன்று உட்கார்ந்தோம். முதலில் இரண்டின் கடைசித் தடத்துக்கும் லேபிளுக்கும் இடையே உள்ள வெற்றுப் பகுதியில் பொறித்திருக்கும் எண்களை ஒப்பிட்டோம். இரண்டும் ஒன்றாக இருந்தன, அதாவது தடங்களை வெட்டிய ஒரே மூலத்திலிருந்து பிறந்த தட்டுகள். இந்த ஒப்பீடு இல்லாமல் ஊதாவையும் கறுப்பையும் பக்கத்தில் வைத்துப் பேசுவதில் பொருளே இல்லை. பெரும்பாலோர் தங்கள் பழைய 1970களின் பதிப்பைப் புதிய நிறத்தட்டோடு ஒப்பிட்டுவிட்டு, மாஸ்டரிங் வேறுபாட்டை நிறத்தின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள்.

இரண்டையும் ஒரே முறையில் கழுவி, ஒருவர் தட்டை மாற்ற மற்றவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்து கேட்டோம். அமைதியான இடங்களில் இரைச்சலை வைத்து எது எந்த நிறம் என்று எங்களால் சொல்ல முடியவில்லை. ஆனால் முதல் பக்கத்தில் மட்டும் இருவரும் ஒவ்வொரு முறையும் சரியாகச் சொன்னோம், காரணம் நிறமன்று. கறுப்புத் தட்டின் நடுத்துளை மையத்திலிருந்து சற்று விலகியிருந்தது. தட்டு ஒருமுறை சுற்ற 1.8 நொடி ஆகிறது. அந்த இடைவெளியில் சுருதி மெல்ல ஏறி இறங்கியது. முரசிலோ குரலிலோ அதைக் கண்டுபிடிப்பது கடினம். லார்ட் தன் ஹாமண்ட் ஆர்கனில் ஒரே சுரத்தை அழுத்திப் பிடித்து நிற்கும் இடத்தில் ஒளிய வழியில்லை. அவர் ஒலியை அசைய வைக்கும் லெஸ்லி என்ற சுழல் ஸ்பீக்கர் பெட்டியை நம்பாமல், ஆர்கனை மார்ஷல் ஆம்பிளிஃபையர்களில் கொடுத்து வாசித்தவர் என்பதால், நாம் கேட்கும் அசைவு அவருடையது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளவும் முடியாது. விலகிய துளையைத் தானே கண்டறிந்து தட்டை நகர்த்திச் சரிசெய்யும் டர்ன்டேபிளை நகாமிச்சி நிறுவனம் ஒருகாலத்தில் செய்தது. அதன் விலைக்கு இந்தத் தட்டின் எல்லாப் பதிப்புகளையும் வாங்கி, வைக்க அலமாரியும் வாங்கலாம்.

28 செப்டம்பர் 2025

நேற்றைய குறிப்பைப் படித்தால் நிறத்துக்கு எந்தப் பங்கும் இல்லை என்று நான் தீர்ப்பளித்தது போலத் தோன்றுகிறது. அவ்வளவு தூரம் போக விரும்பவில்லை. எங்களிடம் இருந்தது ஒரே நிறக் கலவையில் அச்சான தட்டு. தெறிப்பு வகையும் பளிங்கு வகையும் வேறு. அழுத்துவதற்கு முன் சூடான வினைல் உருண்டையின் மேல் வேறு நிறக் குறுணைகளைத் தூவியோ, இரண்டு நிறங்களைச் சேர்த்தோ அவற்றைச் செய்கிறார்கள். ஒவ்வொரு நிறக் கலவையும் இளகி ஓடும் விதம் சற்று மாறுவதால், ஆலையில் கவனம் குறைந்தால் சில இடங்களில் வினைல் அச்சின் நுண்பள்ளங்களை முழுவதும் நிரப்பாமல் விட்டுவிடும். துணி கிழிவது போன்ற ஒரு சத்தம் ஒரு பக்கத்து ஸ்பீக்கரில் மட்டும் ஓடினால் அதுதான். வேறொரு குழுவின் பளிங்குத் தட்டு ஒன்றில் எனக்கு அது வாய்த்தது. திருப்பிக் கொடுத்து வாங்கிய மாற்றுத் தட்டிலும் அதே இடத்தில் அதே சத்தம். கறுப்பிலும் இது நிகழும், ஆனால் கறுப்புக் கலவைக்குத்தான் ஆலையின் சூடும் அழுத்தமும் நேரமும் பல்லாண்டு காலமாகப் பக்குவப்பட்டிருக்கின்றன. நிறத்தட்டுகளின் அச்சு ஓட்டங்கள் சிறியவை. இயந்திரம் செட்டாவதற்குள் ஓட்டமே முடிந்துவிடலாம். கேள்வியில் வந்த விவரம் தெரிந்தவர் சொன்னதில் கால்வாசி உண்மை என்று முதல் நாள் நான் எழுதியது இதைக் கருதித்தான்.

படத்தட்டுகளை இந்தக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம். அச்சிட்ட படத்தின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒட்டி அதில் தடம் பதிக்கும் அந்த வகையின் இரைச்சல் உண்மையானது, நிறத்தட்டுகளின் கெட்ட பெயரில் பெரும்பங்கு அங்கிருந்து கடன் வாங்கியது.

11 அக்டோபர் 2025

மூன்று சிறு பதில்கள்.

180 கிராம் எடையுள்ள தட்டு என்பதற்காகக் கூடுதல் விலை தர வேண்டாம். தடத்தின் ஆழம் தட்டின் தடிமனோடு சேர்ந்து கூடுவதில்லை. 140 கிராம் தட்டு தட்டையாகவும் மையம் பிசகாமலும் இருந்தால் போதும்.

இது உண்மையில் ‘நேரடி’ப் பதிவா, பின்னர் ஸ்டூடியோவில் பூசி மெழுகியதா என்ற சந்தேகத்துக்கு: அந்தக் காலத்துக் கச்சேரித் தட்டுகள் பலவற்றின் மேல் அந்தக் குற்றச்சாட்டு உண்டு, ஆனால் இதில் பின்சேர்க்கை இல்லை என்பதே குழுவினரின் நிலைப்பாடு. ‘ஸ்ட்ரேஞ்ச் கைண்ட் ஆஃப் வுமன்’ பாடலில் கில்லன் மைக் கம்பியில் தடுக்கியதால் ஒரே ஒரு வரியை வேறு இரவிலிருந்து எடுத்து ஒட்டியதாக லார்ட் சொன்னதுண்டு. அதைக் கண்டுபிடிக்கும் முயற்சியில் நான் தோற்றுக்கொண்டிருக்கிறேன்.

வாங்கலாமா வேண்டாமா என்று நேராகச் சொல்லுங்கள் என்று முதல் கேள்வி கேட்டவர் மீண்டும் எழுதியிருக்கிறார். உறையில் மூல மிக்ஸ் என்று இருந்து, விலை வேறுபாடு ஒருவேளைச் சாப்பாட்டுக் காசுக்குள் அடங்கினால் வாங்குங்கள். அதைவிட அதிகமானால் கறுப்பை வாங்குங்கள், அல்லது கீறல் விழாத பழைய பதிப்பு அகப்படும்வரை பொறுங்கள். லட்சக்கணக்கில் விற்ற தட்டு, கிடைக்காமல் போகாது. குழுவின் பெயரிலேயே நிறம் இருப்பதால் எந்த நிறத்தில் அச்சிடலாம் என்று விற்பனைத் துறை ஒரு கூட்டம்கூடக் கூட்டியிருக்க மாட்டார்கள், அந்தச் சிந்தனைக்கு நீங்கள் கூலி தர வேண்டியதில்லை. நான் ஏன் ஊதாவை வாங்கினேன் என்றால், அது சுழலும்போது பார்க்க எனக்குப் பிடித்திருக்கிறது. அதற்கு மேல் ஒரு காரணமும் தேட மாட்டேன்.

2 நவம்பர் 2025

ஊதாத் தட்டை வாங்கிவிட்டதாகவும், தானியங்கி டர்ன்டேபிளில் வைத்தால் ஊசிக்கை இறங்காமலே திரும்பிவிடுகிறது என்றும் முதல் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். தட்டிலும் கருவியிலும் பழுது இருக்க வாய்ப்பு குறைவு. அவருடைய தட்டு ஒளி ஊடுருவும் ஊதா என்கிறார். சில தானியங்கிக் கருவிகள் தட்டு வைக்கப்பட்டிருக்கிறதா, எந்த அளவு என்பதை ஒளியைக் கொண்டு அறிகின்றன. ஒளி தட்டைக் கடந்துபோய்விட்டால், தட்டைச் சுழற்றும் மேடை காலியாக இருக்கிறது என்று எண்ணிக்கொள்ளும். கருவியில் கையால் இயக்கும் முறை இருந்தால் அதற்கு மாற்றி ஊசியை நீங்களே இறக்குங்கள். இல்லையென்றால் தட்டின் கீழே ஒளி புகாத மெல்லிய பாய் ஒன்றைப் போட்டுப் பாருங்கள், ஆனால் உணரிகள் மேடைக்குள்ளேயே பதிந்திருக்கும் வகையானால் அவை எல்லா நேரமும் மறைந்தேயிருக்கும், அப்போது வெற்று மேடையிலும் ஊசி இறங்கிவிடும். அந்த வகையா என்பதைக் கருவியின் மாடல் எண்ணைக் குறிப்பிட்டால் பார்த்துச் சொல்லலாம்.